மெட்ரிக் முடிப்பதற்குள் ஒரு பணப்பாடம்: தனிநபர் நிதிக்கல்வி என்றால் என்ன?

டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், என் அக்கா மகன் தன் முதல் மாதச் சம்பளச் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பேசிய சம்பளம் 7,500 ராண்ட். வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது 6,900 ராண்ட். "மாமா, என்னுடைய 600 ராண்டை யார் எடுத்தார்கள்?" என்று கேட்டபோது அவன் குரலில் கோபத்தைவிட வெட்கமே அதிகம் இருந்தது. ஏனென்றால் சில மாதங்களுக்கு முன்புதான் அவன் மெட்ரிக் எனும் பள்ளி இறுதித் தேர்வில், கணிதத்தில் நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தான். கூட்டு வட்டிக்கான சூத்திரம் அவனுக்கு மனப்பாடம். அந்த ஒற்றைத் தாளில் இருந்த மூன்று பிடித்தங்கள் என்ன என்பதை மட்டும் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

அந்த மூன்றையும் இங்கே பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. முதலாவது, யூ.ஐ.எஃப். எனப்படும் வேலையிழப்புக் காப்பீட்டு நிதிக்காக 75 ராண்ட், அதாவது சம்பளத்தில் 1 சதவீதம். வேலை கொடுத்தவரும் தன் பங்காக இன்னொரு 1 சதவீதம் செலுத்த வேண்டும். இரண்டாவது, ஓய்வூதிய நிதிக்காக 375 ராண்ட். அது அவன் பணம்தான், இன்று கைக்கு வரவில்லை என்பது மட்டுமே வேறுபாடு. மூன்றாவது, சீருடைக்காக 150 ராண்ட். இந்த மூன்றாவதைத்தான் அவன் கேட்டிருக்க வேண்டும். சட்டமோ, நீதிமன்ற ஆணையோ, கூட்டு ஒப்பந்தமோ அனுமதிக்காத எந்தப் பிடித்தத்துக்கும் தொழிலாளியின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும் என்பது தென்னாப்பிரிக்கத் தொழிலாளர் சட்டத்தின் அடிப்படை விதி. அவன் கையெழுத்திட்டானா என்று கேட்டேன். நிறையத் தாள்களில் கையெழுத்திட்டதாகச் சொன்னான். எதையும் படித்ததாக அவனுக்கு நினைவில்லை. வருமான வரி என்ற வரியில் மட்டும் சுழியம் இருந்தது. அந்த வரியாண்டில் 65 வயதுக்கு உட்பட்டவருக்கு ஆண்டு வருமானம் 95,750 ராண்டைத் தாண்டினால்தான் வரி. அவனுடைய ஆண்டு வருமானம் 90,000 ராண்ட்.

ஒரு சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிவது, ஒரு கடன் ஒப்பந்தத்தின் உண்மையான விலையைக் கணக்கிடத் தெரிவது, வரவுக்குள் செலவைத் திட்டமிடத் தெரிவது, சேமிப்பும் காப்பீடும் எதற்கு என்று விளங்கிக்கொள்வது, மோசடியை அதன் முதல் வாக்கியத்திலேயே அடையாளம் காண்பது ஆகிய இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் தனிநபர் நிதிக்கல்வி என்கிறார்கள். இதைப் பொருளாதாரப் பாடத்தோடும் கணக்குப்பதிவியலோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பொருளாதாரம் ஒரு நாட்டின் பணத்தைப் பற்றியது. கணக்குப்பதிவியல் ஒரு நிறுவனத்தின் பணத்தைப் பற்றியது. தனிநபர் நிதிக்கல்வியோ மாதக் கடைசியில் ஒரு குடும்பத்தின் கையிருப்பைப் பற்றியது. இதை விருப்பப் பாடமாக வைக்காமல், உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெறுவதற்கே கட்டாயமாக்க வேண்டும் என்ற கருத்து கடந்த இருபது ஆண்டுகளாக உலகில் வலுப்பெற்று வருகிறது.

அந்தக் கருத்து மிகத் தெளிவாக வடிவெடுத்த இடம் அமெரிக்கா. அங்கே பள்ளி இறுதித் தகுதியை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே தீர்மானிக்கிறது. மாணவர் ஒவ்வொரு பாடத்திலும் குறிப்பிட்ட அளவு கிரெடிட்டுகளை, அதாவது பாட அலகுகளை, சேர்த்தால்தான் பட்டயம் கிடைக்கும். யூட்டா மாநிலம் இதில் முன்னோடி. அங்கே 2008இல் பள்ளி முடித்தவர்களிலிருந்தே அரை ஆண்டு நிதிப்பாடம் கட்டாயமாகிவிட்டது. ஃபுளோரிடா 2022இல் சட்டம் இயற்றி, 2023-24 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் முதல் அரை கிரெடிட் அளவுக்கு இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும் என்றது. கலிஃபோர்னியா 2024இல் சட்டம் கொண்டுவந்தது. அங்கே 2030-31இல் பள்ளி முடிக்கும் மாணவர்களுக்கு இது கட்டாயத் தகுதியாகும். இன்று அமெரிக்க மாநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஏதேனும் ஒரு வடிவில் இதைக் கட்டாயமாக்கியுள்ளன அல்லது கட்டாயமாக்கச் சட்டம் செய்துள்ளன.

நம் நாட்டில் நிலைமை வேறு. தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் என்று நாம் சொல்லும் தேசிய உயர்நிலைச் சான்றிதழுக்கு ஏழு பாடங்கள் வேண்டும்: இரண்டு மொழிகள், கணிதம் அல்லது கணித எழுத்தறிவு, வாழ்க்கை நெறி, பிறகு மாணவர் தேர்ந்தெடுக்கும் மூன்று பாடங்கள். இவற்றில் நிதிக்கல்வி என்று தனிப்பாடம் ஒன்றும் கிடையாது. ஆனால் பணத்தைப் பற்றி எதுவுமே கற்பிக்கப்படவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. கிரேடு 7 முதல் 9 வரை இ.எம்.எஸ். என்று பிள்ளைகள் சொல்லும் பொருளியல், மேலாண்மை அறிவியல் பாடத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நிதி எழுத்தறிவுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நடைமுறையில் அதன் பெரும்பகுதி ரொக்க வரவு ஏடு, செலவு ஏடு எழுதுவதாகவே போய்விடுகிறது; கிரேடு 10இல் கணக்குப்பதிவியல் எடுக்கப்போகிறவருக்கு அது நல்ல அடித்தளம், மற்றவருக்கு அவ்வளவாக ஒட்டாது. கிரேடு 9 முடிந்ததும் அந்தப் பாடமே முடிந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு பணப்பாடம் தொடர்வது ஒரே ஒரு வழியில்தான். 2006இல் கிரேடு 10இல் அறிமுகமாகி, 2008இல் முதன்முறையாக மெட்ரிக் தேர்வில் இடம்பெற்ற கணித எழுத்தறிவு என்ற பாடத்தில் நிதிப்பகுதியே மிகப் பெரியது. சம்பளச் சீட்டு, மின்கட்டண ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, வாட் வரி, வருமான வரி அட்டவணை, கடன் தவணை, பணவீக்கம் எல்லாம் அதில் உண்டு. வினாத்தாளில் உண்மையான ரசீதுகளைப் போன்ற படங்களையே அச்சிட்டுக் கேட்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் அந்தப் பாடத்துக்கு என்ன மரியாதை? "கணக்கு வராத பிள்ளைகளுக்கானது" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறோம். மருத்துவம், பொறியியல், பட்டயக் கணக்காளர் என்று கனவு காணும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை கணித எழுத்தறிவு எடுத்தால் அதைத் துக்கச் செய்தி போலத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்கிறார்கள். கணிதம் எடுத்தவர்களுக்கோ பெயரளவு வட்டி, பயன்வட்டி, தவணைத்தொகையின் இன்றைய மதிப்பு என்று சூத்திரங்கள் கிடைக்கின்றன, ரசீது கிடைப்பதில்லை. ஆக, கணக்கில் வல்லவர் என்று நாம் கொண்டாடும் பிள்ளைகளே வாழ்க்கைப் பணக்கணக்கைக் குறைவாகக் கற்று வெளியே வருகிறார்கள் என்ற விந்தையான ஏற்பாட்டை நாமே காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். என் அக்கா மகன் அதற்கு ஒரு சான்று.

எந்த வயதில் கற்பிக்கிறோம் என்பது இதில் மிக முக்கியம். கட்டாயம் என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் எடையை இதற்கும் கொடுப்பேன். இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடன் கொடுப்போரை ஒழுங்குபடுத்தும் தேசியக் கடன் சட்டம், 2005இல் இயற்றப்பட்டு, 2007 ஜூன் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, 2007 ஜூலை 1 அன்று, சிறுவர் சட்டத்தின் வழியாக நாட்டில் வயதுவந்தோர் என்ற எல்லை 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. அதுவரை இருபது வயதுப் பையன் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுமானால் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அன்றிலிருந்து பள்ளிச் சீருடையில் இருக்கும்போதே, மெட்ரிக் ஆண்டில் 18 நிறைந்த நாளிலேயே, வேலையும் வருமானமும் இருந்தால் தனியாகக் கையெழுத்திடலாம். பொறுப்பு மூன்று ஆண்டு முன்னால் வந்தது. பாடம் கிரேடு 9இலேயே நின்றது. இடையில் மூன்று ஆண்டு வெற்றிடம்.

இந்த வெற்றிடம் ஏன் தீங்கானது என்பதற்கு ஆய்வுகளும் துணை நிற்கின்றன. நிதிக்கல்வி குறித்த ஏராளமான ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பொதுவாக நிதிக்கல்வி மக்களின் பண நடத்தையை மிகச் சிறிய அளவிலேயே மாற்றுகிறது என்றும், கற்றது காலப்போக்கில் தேய்ந்துவிடுகிறது என்றும், முடிவெடுக்கும் தருணத்துக்கு அருகில் கற்பிப்பதே பயன் தரும் என்றும் சொன்னது. கட்டாயப் பாடத்தை எதிர்ப்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் ஜார்ஜியா, ஐடஹோ, டெக்சாஸ் ஆகிய மூன்று அமெரிக்க மாநிலங்களில், பாடம் கட்டாயமாவதற்கு முன்னும் பின்னும் பள்ளி முடித்தவர்களின் கடன் பதிவுகளை ஒப்பிட்ட வேறோர் ஆய்வு, கட்டாயப் பாடம் படித்த தலைமுறையினர் தவணை தவறுவது குறைந்திருந்ததையும் அவர்களின் கடன் மதிப்பெண் உயர்ந்திருந்ததையும் காட்டியது. இந்த இரண்டும் முரண்படுவதாக நான் நினைக்கவில்லை. அந்த மாநிலங்களில் பாடம் வருவது பள்ளி வாழ்க்கையின் கடைசி ஆண்டுகளில். அடுத்த சில மாதங்களிலேயே அந்த மாணவர் கல்விக்கடன் படிவத்தை நிரப்புகிறார் அல்லது முதல் சம்பளம் வாங்குகிறார். கற்றது தேய்வதற்குள் பயன்பட்டுவிடுகிறது.

அத்தகைய பாடத்தில் எனக்கு ஒரே ஒரு வகுப்பு மட்டும் நடத்தக் கிடைத்தால், கடனின் விலை என்ன என்பதையே எடுத்துக்கொள்வேன். தீபாவளிக்கு முன் கடைகளில் நடப்பதை வைத்து அதைச் சொல்கிறேன்.

18 வயதுப் பெண் ஒருத்தி, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள், 3,000 ராண்டுக்குத் துணிமணிகள் எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கையில் அவ்வளவு பணமில்லை. கல்லாவில் இருப்பவர் புன்னகையோடு, "அக்கவுண்ட் திறந்துகொள்ளுங்கள், இன்றே எடுத்துப் போகலாம், பன்னிரண்டு மாதத்தில் கட்டினால் போதும்" என்கிறார். வட்டி எவ்வளவு என்று அவள் கேட்கிறாள், நல்ல கேள்விதான். கட்டக் கட்ட மறுபடி எடுத்துக்கொள்ளக்கூடிய இத்தகைய சுழல் கடனுக்கு, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதத்துக்கு மேல் 14 சதவீதம் வரை வட்டி வாங்கலாம் என்பது விதி. ரெப்போ 7 சதவீதமாக இருக்கும்போது அது ஆண்டுக்கு 21 சதவீதம். பன்னிரண்டு சமத் தவணைகளில் கட்டினால் மாதம் சுமார் 279 ராண்ட். மொத்த வட்டி ஏறத்தாழ 352 ராண்ட். தாங்கக்கூடியதாகத்தான் தெரிகிறது.

ஆனால் கடனின் விலை வட்டியோடு முடிவதில்லை. 2016 மே முதல் நடைமுறையில் உள்ள வரம்புகளின்படி, கடன் கொடுப்பவர் தொடக்கக் கட்டணம் வாங்கலாம்: முதல் 1,000 ராண்டுக்கு 165, அதற்கு மேலுள்ள தொகையில் 10 சதவீதம். 3,000 ராண்டுக்கு அது 365 ராண்ட் ஆகிறது. மாதாந்திரச் சேவைக் கட்டணம் 60 ராண்ட் வரை போகலாம். பன்னிரண்டு மாதத்துக்கு 720 ராண்ட். ஆக, வட்டி 352, கட்டணங்கள் 1,085, இரண்டும் சேர்ந்து 1,437 ராண்ட். கட்டணங்களின் மீதான வாட் வரியும், கடனோடு ஒட்டி வரும் ஆயுள் காப்பீட்டு மாதத்தொகையும் இதில் சேரவில்லை. எல்லாக் கடைகளும் உச்ச வரம்புவரை வாங்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் சட்டத்துக்குள் நின்றே 3,000 ராண்ட் துணிக்கு 4,437 ராண்ட் கொடுக்கும் நிலை வரலாம் என்பதையும், அதில் வட்டி என்று பெயர் பெற்றது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதையும் ஒரு மாணவர் தன் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்துவிட்டால், "வட்டி எவ்வளவு?" என்று கேட்பதை விட்டுவிட்டு "கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு?" என்று கேட்கத் தொடங்குவார். ஒப்பந்தத்துக்கு முன் கடன் கொடுப்பவர் தரவேண்டிய விலைக்குறிப்புத் தாளில் அந்த மொத்தத் தொகையும் இருக்க வேண்டும்.

அதே கடையில், அதே கல்லாவில், இன்னொரு வழியும் இருக்கிறது. நம் பாட்டிமார் அதை நன்றாகவே அறிவார்கள். லே-பை என்று சொல்லி, துணியை எடுத்துத் தனியே வைக்கச் சொல்லிவிட்டு, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, முழுத்தொகையும் கட்டிய நாளில் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். இது கடனே ஆகாது, ஏனெனில் பொருள் கடையில்தான் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கும் விதி வகுத்திருக்கிறது: வாங்குபவர் பாதியில் வேண்டாம் என்று சொன்னால் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அதற்கான அபராதமும் பொருளின் முழுவிலையில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தீபாவளிக்கு ஜூனிலேயே லே-பை போட்ட என் பாட்டிக்கு இந்தச் சட்டம் தெரியாது. அப்போது சட்டமும் இல்லை. பொறுத்திருந்தால் விலை கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

சட்டத்துக்கு வெளியே நிற்கும் கடனையும் பாடம் தொட வேண்டும். மஷோனிசா என்று இங்கே எல்லா மொழியினரும் சொல்லும் தெருக் கடன்காரர், ஈடாக வங்கி அட்டையையும் அதன் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். அது குற்றம். சட்டபூர்வமான குறுகிய காலக் கடனுக்குக்கூட மாதம் 5 சதவீத வட்டி வரை போகலாம் என்ற நிலையில், பதிவில்லாத ஒருவர் கேட்கும் வட்டியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு விதி பலருக்குத் தெரியாது: தவணை தவறிய பிறகு ஏறும் வட்டியும் கட்டணமும் சேர்ந்து, தவறிய நாளில் நின்ற பாக்கித் தொகையை மிஞ்சக் கூடாது. ரோமன் சட்டத்திலிருந்து வந்த இந்த இருமடங்கு விதிக்கு இணையாக, பழைய இந்து சட்ட மரபிலும் தாம்துபத் என்று ஒரு விதி இருந்தது. அதிலும் வட்டி முதலை மிஞ்சக் கூடாது. இரு வேறு உலகங்கள் ஒரே அளவுகோலை வந்தடைந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

கடன் கட்ட முடியாமல் போனால் நீதிமன்ற ஆணை நேரே சம்பளச் சீட்டுக்கு வரும். முன்பு நீதிபதி பார்க்காமலே, எழுத்தர் அளவிலேயே, அதுவும் தொழிலாளி வாழும் இடத்துக்கு வெகு தொலைவில் உள்ள நீதிமன்றத்தில் இத்தகைய சம்பளப் பறிமுதல் ஆணைகள் வாங்கப்பட்டு வந்தன. 2016இல் அரசமைப்பு நீதிமன்றம், நீதிபதியின் மேற்பார்வை இல்லாமல் அப்படி ஆணை பிறப்பிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட திருத்தச் சட்டம், பிடித்தம் அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதத்தை மீறக் கூடாது என்று வரம்பு கட்டியது.

சம்பளப் பிடித்தம் என்ற சொல் இந்த மண்ணில் நம் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்குக் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலிகளுக்கு முதலாண்டுக் கூலி மாதம் பத்து ஷில்லிங். அவர்கள் கைநாட்டு வைத்த ஒப்பந்தத்தை அவர்களில் பெரும்பாலோர் படித்திருக்க முடியாது. கரும்புத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிக்கும் இரட்டை வெட்டு முறை இருந்தது. ஒப்பந்தம் முடிந்து, திரும்பவும் கூலியாகச் சேராமலும் இந்தியாவுக்குப் போகாமலும் இங்கேயே தங்க விரும்புவோர் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. மூன்று பவுண்டு என்றால் அறுபது ஷில்லிங். முதலாண்டுக் கூலிக் கணக்கில் ஆறு மாத உழைப்பு. 1913 வேலைநிறுத்தத்துக்குப் பின், 1914இல்தான் அந்த வரி நீங்கியது. சீட்டில் எழுதியிருப்பது என்ன என்று தெரியாமல் கைநாட்டு வைத்தவர்களின் கொள்ளுப்பேரன், பன்னிரண்டு வகுப்பு படித்தபின்னும் தன் சீட்டைப் படிக்க முடியாமல் என் சமையலறையில் உட்கார்ந்திருந்ததுதான் என்னை உறுத்தியது.

சேமிப்பைப் பொறுத்தவரை, பாடத்தின் மையத்தில் காலம் இருக்க வேண்டும். மாதம் 300 ராண்டை 20 வயதிலிருந்து 60 வயது வரை ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சியில், மாதாமாதம் கூட்டு வட்டி சேரும்படி போட்டுவந்தால் முடிவில் சுமார் 10 லட்சத்து 47 ஆயிரம் ராண்ட் சேரும். அதையே 30 வயதில் தொடங்கினால் கிடைப்பது சுமார் 4 லட்சத்து 47 ஆயிரம். பிந்தித் தொடங்கியவர் குறைவாகப் போட்டது 36,000 ராண்ட். குறைவாகப் பெற்றது 6 லட்சம். பணவீக்கம் இந்தத் தொகைகளின் வாங்கும் சக்தியைக் கரைக்கும் என்பது உண்மை; ஆனால் இரண்டையும் ஒரே விகிதத்தில் கரைக்கும். 2024 செப்டம்பர் 1 முதல் இங்கே நடைமுறைக்கு வந்த இரு பானை ஓய்வூதிய முறையில், புதிதாகச் செலுத்தும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானைக்குப் போகிறது. வரியாண்டுக்கு ஒரு முறை, குறைந்தது 2,000 ராண்டாக, அதிலிருந்து எடுக்கலாம். எடுத்த தொகை வருமானத்தோடு சேர்த்து வரி விதிக்கப்படும். அவசரத்துக்கு இது நல்ல வசதிதான். ஆனால் 22 வயதில் எடுக்கும் ஒவ்வொரு ராண்டும் நாற்பது ஆண்டு வளர்ச்சியை இழந்த ராண்ட் என்பதை அறிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

காப்பீடு, மோசடி, கூட்டுச் சேமிப்பு ஆகியவற்றை ஓரிரு வாரத்தில் முடித்துவிடலாம். இறுதிச் சடங்குக் காப்பீட்டில் இயற்கை மரணத்துக்கு ஆறு மாதம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம் என்பதும், மாதத்தொகை தவறினால் அது காலாவதியாகும் என்பதும் எல்லோரும் அறிய வேண்டியவை. நமக்குச் சீட்டு எப்படியோ, அப்படித்தான் கறுப்பின அண்டை வீட்டாருக்கு ஸ்டோக்வெல். ஒருவரையொருவர் அறிந்தவர்கள் முறைவைத்துப் பணம் எடுக்கும் அந்த ஏற்பாட்டில் நம்பிக்கையே ஈடு. அந்த நம்பிக்கையைத்தான் மோசடிக்காரர்கள் கோயில், தேவாலயம், வாட்ஸ்அப் குழு வழியாகக் கடன் வாங்குகிறார்கள். பிட்காயின் வணிகத்தில் நாள்தோறும் லாபம் என்று சொல்லி உலகெங்கும் ஆள்சேர்த்து, 2020 இறுதியில் சரிந்த மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் நிறுவனம் இந்த நாட்டில் பிறந்ததுதான். அப்படி யாராவது முதலீடு கேட்டால், நிதித்துறை நடத்தை ஆணையத்தின் பட்டியலில் அவர் பெயரும் உரிமமும் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்கும் பயிற்சியை வகுப்பிலேயே ஒரு முறை செய்ய வைத்தால் போதும்.

கட்டாயமாக்குவதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் இரண்டை நான் மதிக்கிறேன். யார் கற்பிப்பது என்பது ஒன்று. கடன் சுமையில் தாமே தவிக்கும் ஆசிரியர்கள் இந்த நாட்டில் நிறைய. அவர்களுக்கு முதலில் பயிற்சி தராமல் பாடத்தை மட்டும் திணித்தால் அது இன்னொரு மனப்பாடப் பகுதியாகிவிடும். மற்றொன்று, வறுமையைப் பாடத்தால் தீர்க்க முடியாது என்பது. வருமானமே இல்லாதவருக்குப் பட்ஜெட் போடக் கற்றுத்தருவது அவமதிப்பு என்று ஒரு நண்பர் கடுமையாகச் சொன்னார். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் கணக்காளர் அப்பா இருக்கும் பிள்ளை இவற்றையெல்லாம் இரவு உணவு மேசையிலேயே கற்றுக்கொள்கிறது. விருப்பப் பாடமாக வைத்தால் அந்தப் பிள்ளைதான் அதையும் எடுக்கும். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளையிடம் பாடம் போய்ச்சேர ஒரே உறுதியான வழி, எல்லோருக்கும் அதை வைப்பதுதான்.

புதிய எட்டாவது பாடம் வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. அட்டவணையில் இடமில்லை என்பது தெரியும். கிரேடு 12 வாழ்க்கை நெறிப் பாடத்தை எல்லா மாணவரும் படித்தே ஆகவேண்டும். அதன் மதிப்பீட்டைப் பள்ளியே செய்கிறது. கணித எழுத்தறிவின் நிதிப்பகுதியிலிருந்து சம்பளச் சீட்டு, கடன் விலைக்குறிப்பு, வரிப் படிவம் ஆகிய மூன்றை எடுத்து அந்தப் பாடத்தில் ஒரு பருவத்துக்கு வைத்தால், கணிதம் எடுத்தவரும் எடுக்காதவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து கற்கலாம். பாடநூல் ஏற்கெனவே இருக்கிறது.

அக்கா மகள் இப்போது கிரேடு 9இல் இருக்கிறாள். பாடம் தேர்ந்தெடுக்கும் படிவம் இந்தப் பருவத்தில் வீட்டுக்கு வந்தது. அண்ணன் பட்ட பாட்டைப் பார்த்தவள் என்பதால், "மாமா, கணிதம், கணித எழுத்தறிவு இரண்டையும் எடுக்கலாமா?" என்று கேட்டாள். ஒரே சான்றிதழுக்கு இரண்டையும் சேர்த்து எடுக்க விதி இடம் தரவில்லை. அவள் கணிதத்துக்கே குறியிட்டாள். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்த பிறகு கோயில் மண்டபத்தில் ஒரு மணி நேரம் தங்கி, அண்ணனின் சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். பெயரையும் அடையாள எண்ணையும் கறுப்பு மையால் அழித்துப் பன்னிரண்டு படிகள் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்றாவது பிடித்தத்துக்கு நேரே அவன் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான், அதை அழிக்கவில்லை.